ஓரத்தில் பிறந்த நிரல்மொழியும் உலகச் சந்தையும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கழகம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவெய்திய இவ்விழாவில் கணிப்பொறித் துறை பற்றிப் பேசுமாறு பணித்துள்ளார்கள். கணிப்பொறி கற்றால் வேலை கிடைக்கும் என்று எடுத்துரைப்போர் நாட்டில் பலர் உளர். அதனையே திரும்பக் கூறுவதற்கு நாம் இங்கு வரவில்லை. ஒரு கருவி நல்லதாயினும் அது மக்கள் கைக்கு எவ்வாறு போய்ச் சேர்கிறது, வணிக உலகம் அதனை எக்காரணம் பற்றி ஏற்றுக்கொள்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதற்குச் சான்றாக ஒரு நிரல்மொழியின் வரலாற்றை ஆராய்வோம். அதன் பெயர் லுவா. அது பிறந்த நாடு பிரேசில்.

எங்கோ பிறந்த ஒரு நிரல்மொழியைப் பற்றி இம்மேடையில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இரண்டு. நம் இல்லங்களில் ஒரு பிள்ளையைக் கணிப்பொறி படிக்க வைப்பது எளிய செலவன்று. நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் பயிற்சி நிலையங்களுக்குக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். எந்த நிரல்மொழியைக் கற்பது என்பதை அப்பிள்ளைகள் பெரும்பாலும் விளம்பரத்தைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். விளம்பரம் செய்தவன் தன் நலத்தை எண்ணிச் செய்தானேயன்றி நம் நலத்தை எண்ணிச் செய்யவில்லை. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. “தகுதி இருந்தால் தானே முன்னுக்கு வரலாம்” என்னும் சொல்லை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகின்றனர். கல்லூரி வாயிலிலும் அதனைக் கேட்கின்றனர். அலுவலக வாயிலிலும் கேட்கின்றனர். தகுதி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் தகுதி இருந்தும் வழி அடைபட்டிருந்தால் என்ன நேரும்? அவ்வழி திறந்தால் அதே தகுதி எவ்வளவு தொலைவு செல்லும்? இவ்வினாக்களுக்கு உணர்ச்சி கலவாத விடை வேண்டுமாயின், மனிதரைச் சற்றே விலக்கி ஒரு கருவியின் வரலாற்றைப் பார்ப்பது நலம். கருவிக்குச் சாதியில்லை. அதன் வாழ்வையும் தாழ்வையும் படைத்தவர்களே ஆண்டுவாரியாக எழுதி வைத்துள்ளனர்.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா?

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் கோவையை நிரல் என்கிறோம். அந்நிரலை எழுதுதற்கென வகுக்கப்பட்ட மொழியே நிரல்மொழி. இதுகாறும் படைக்கப்பட்ட நிரல்மொழிகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் வணிக உலகில் நாள்தோறும் வழங்குவன மிகச் சிலவே.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டா என்பது நம் நாட்டுப் பழமொழி. மணம் தானே பரவும் என்பது அதன் கருத்து. நிரல்மொழிகளின் உலகில் இப்பழமொழி செல்லாது. மணமிருந்தும் பல மொழிகள் படைத்தவர்களின் அறைக்குள்ளேயே வாடிப்போயின. ஏன்? ஒரு நிறுவனத்தின் இடத்தில் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். புதிய மொழி ஒன்றை ஏற்பதென்றால், அதனை அறிந்த ஆட்கள் கிடைப்பார்களா, எழுதியவர் விலகிச் சென்றால் பழுது பார்ப்பவர் யார், படித்துக்கொள்ளப் புத்தகம் உண்டா, படைத்தவர்கள் நாளை கைவிட்டுவிட்டால் கதி என்ன என்றெல்லாம் அது அஞ்சுகிறது. அவ்வச்சம் நியாயமானதே. எனவே மொழியின் சிறப்பு ஒரு பங்கு. அதன்மீது பிறர் வைக்கும் நம்பிக்கை மற்றொரு பங்கு. இந்நம்பிக்கையை உண்டாக்கும் முயற்சியையே சந்தைப்படுத்தல் என்கின்றனர்.

இந்நம்பிக்கையை ஆணையால் உண்டாக்க முயன்றவர்கள் உண்டு. அமெரிக்க நாட்டின் பாதுகாப்புத் துறை ஆடா என்னும் மொழியை உருவாக்கச் செய்தது. தன் ஆயுதங்களுக்கும் கருவிகளுக்குமான நிரல்கள் பற்பல மொழிகளில் சிதறிக் கிடப்பதை ஒழிப்பது அதன் நோக்கம். 1987-இல் அம்மொழியையே பயன்படுத்துமாறு துறை பணித்தது. பத்தாண்டுகள் கழித்து, 1997-இல், அக்கட்டாயம் நீக்கப்பட்டது. ஆடா அழிந்துவிடவில்லை, வானூர்தி, தொடர்வண்டி போன்ற, பிழை நேர்ந்தால் உயிர் போகும் துறைகளில் இன்றும் வழங்குகிறது. ஆயினும் வல்லரசின் ஆணையாலும் அதனை எல்லோரும் விரும்பும் மொழியாக ஆக்க இயலவில்லை.

பொருள் வலிமையால் பரப்பியவர்களும் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜாவா மொழியை உலகிற்கு அறிவித்தது. அதனைக் கற்பதற்கான கருவிகளை இலவசமாக அளித்தது. அந்நாளில் இணைய உலகில் முன்னின்ற நெட்ஸ்கேப் நிறுவனத்தையும் துணைக்கொண்டது. பெரும் நிறுவனத்தின் பணமும் பெயரும் பின்னின்றமையால் சில ஆண்டுகளிலேயே ஜாவா கல்லூரிகளிலும் வங்கிகளிலும் நுழைந்துவிட்டது. இது செல்வர்க்கு இயன்ற வழி.

ஆணையிடும் அதிகாரமும் இல்லை, விளம்பரத்திற்குப் பணமும் இல்லை என்னும் நிலையில் இருப்பவன் என்ன செய்வான்? அவ்விடத்திலேதான் லுவாவின் வரலாறு நமக்குப் பாடமாகிறது.

தட்டுப்பாட்டில் பிறந்த மொழி

பிரேசில் அரசு 1977 முதல் 1992 வரை கணிப்பொறித் துறையில் உள்நாட்டுச் சந்தைக் காப்புக் கொள்கையைக் கடைப்பிடித்தது. வெளிநாட்டுக் கணிப்பொறிகளையும் மென்பொருள்களையும் எளிதில் இறக்குமதி செய்ய முடியாது. உள்நாட்டில் அது கிடைக்கவில்லை என்று மெய்ப்பித்துப் பல படிகளைக் கடந்தாலன்றி இசைவு கிட்டாது. ஆகவே தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ள வேண்டிய கட்டாயம் அந்நாட்டாருக்கு ஏற்பட்டது.

ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் டெக்கிராஃப் என்னும் கணிப்பொறி வரைவியல் ஆய்வுக் குழு 1987-இல் தோன்றியது. நாட்டின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் அக்குழுவிற்குப் பெரும்பணிகளை அளித்து வந்தது. அவற்றுள் ஒன்று இது: எண்ணெய் வயல்களைப் பற்றிக் கணிக்கும் பழைய நிரல்களுக்கு வெறும் எண்களை வரிசை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்னும் குறிப்பே அதில் இராது. துளையட்டைக் காலத்து எச்சம் அது. ஓர் எண் இடம் மாறினாலும் முழுக் கணக்கும் பிழைபடும். இத்துன்பத்தை நீக்க 1992-இல் டெல் என்னும் சிறுமொழியை வகுத்தனர். நிலத்தடிப் பாறை அடுக்குகளை வரைந்து காட்டும் வேறொரு பணிக்காகச் சோல் என்னும் மொழியை உருவாக்கினர். சோல் என்றால் போர்த்துகீசிய மொழியில் ஞாயிறு.

இரண்டு சிறுமொழிகளும் விரைவில் போதாமற் போயின. 1993-இல் ராபர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவரும் கூடி, இரண்டையும் விட்டு முழுமையான ஒரு மொழியைச் செய்வதென முடிவு செய்தனர். ஞாயிறு இருந்த இடத்தில் திங்கள் வந்தது. லுவா என்றால் போர்த்துகீசிய மொழியில் நிலா.

அம்மொழியைப் பயன்படுத்த வேண்டியவர்கள் தொழில்முறை நிரலாளர் அல்லர். பொறியாளர்களும் நிலவியலாரும் ஆவர். ஆதலின் மொழி எளிமையாய் இருத்தல் வேண்டும். அவர்களிடம் இருந்த கணிப்பொறிகளோ பலவகைப்பட்டவை. ஆதலின் எந்தப் பொறியிலும் அது ஓடுதல் வேண்டும். அந்நாளில் புகழ்பெற்றிருந்த டிக்கிள் என்னும் மொழி யூனிக்ஸ் இயங்குதளத்தில் மட்டுமே ஓடிற்று. பிரேசில் நாட்டார்க்கு அது பயன்படவில்லை. லுவாவின் எளிமையும், இடம் மாறினும் இயங்கும் தன்மையும் ஏட்டுக் கொள்கையால் வந்தவையல்ல. எதிரே இருந்த மனிதர்களின் தேவையை உற்று நோக்கியமையால் வந்தவை. சந்தையின் முதற் பாடம் இதுவே. எவருக்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்த பொருளை எவ்வளவு விளம்பரமும் காப்பாற்றாது.

சுங்கம் நீங்கிய கதை

1994-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் லுவாவின் 1.1 பதிப்பை அவர்கள் பொதுவில் வெளியிட்டனர். கல்விப் பணிக்கு இலவசம். வணிகப் பயன்பாட்டிற்குப் பேசி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று உரிமத்தில் எழுதினர். இது எவர்க்கும் இயல்பாகத் தோன்றும் ஏற்பாடே. உழைத்தவர்கள் கூலி கேட்பதில் குற்றமில்லை.

ஆயின் விளைந்தது என்ன? சிலர் விசாரித்தனர், அவ்வளவே. ஒரே ஒரு வணிக உடன்பாடுகூட ஏற்படவில்லை என்று படைத்தவர்களே பின்னாளில் எழுதியுள்ளனர். போட்டி மொழிகள் இலவசமாகக் கிடைத்தன. வணிகத்திற்குத் தடை இருப்பதைக் கண்டு கல்வித்துறையினரும் தயங்கினர். நாளை நம் ஆய்வு ஒரு பொருளாக மாறினால் சிக்கல் வருமோ என்பது அவர்களின் அச்சம். ஆகவே 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 2.1 பதிப்பில் அத்தடையை நீக்கிவிட்டனர். எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்றாயிற்று. 2003-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து, உலகெங்கும் வழக்கறிஞர்கள் நன்கறிந்த எம்.ஐ.டி. உரிமத்தையே மேற்கொண்டனர். புதிதாக ஓர் உரிமத்தை எழுதினால் ஒவ்வொரு நிறுவனத்தின் வழக்கறிஞரும் அதனைத் தனித்தனியே ஆராய வேண்டும். தெரிந்த உரிமம் என்றால் ஒரு நிமிடத்தில் ஒப்புதல் கிடைக்கும். சிறு செய்தி போலத் தோன்றினும் வணிக ஏற்பில் இது பெருஞ்செய்தி.

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். 1994-இல் இருந்த லுவாவும் 1995-இல் இருந்த லுவாவும் ஏறத்தாழ ஒரே தகுதியுடையவை. மாறியது வாயில். வாயிலில் சுங்கம் இருந்தவரை ஒருவரும் உள்ளே வரவில்லை. சுங்கம் நீங்கியபின் உலகம் வந்தது. தகுதியைப் பற்றி மட்டும் பேசி வாயிலைப் பற்றிப் பேசாதிருப்போருக்கு இவ்வொரு நிகழ்ச்சியே விடையாகும்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து வார இதழ் ஒன்றைத் தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலையையே பெயராக்கினார். எளியவனும் வாங்கலாம் என்பதை இதழின் நெற்றியிலேயே எழுதி வைத்தார். அறிவு பரவ வேண்டுமாயின் வாயிலில் சுங்கம் குறைவாயிருத்தல் வேண்டும் என்பதை அப்பெயரே சொல்லிற்று.

இதழில் வந்த ஒரு கட்டுரை

வாயில் திறந்தால் மட்டும் போதாது. வாயில் இருப்பது பிறர்க்குத் தெரிதல் வேண்டும். லுவாவின் ஆசிரியர்கள் விளம்பரத்திற்குப் பணம் செலவிடவில்லை. எழுதினர். 1996-இல் ஆய்வறிஞர்கள் படிக்கும் இதழொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டு திசம்பரில், தொழில் செய்யும் நிரலாளர்கள் விரும்பிப் படித்த டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்னும் அமெரிக்க இதழில் மற்றொன்றை வெளியிட்டனர். முன்னது அறிஞர்களிடையே மதிப்பைத் தந்தது. பின்னது சந்தையைத் தந்தது.

அக்கட்டுரையை அமெரிக்காவின் லூக்காஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் கணிப்பொறி விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த தலைமை நிரலாளர் படித்தார். 1997 சனவரியில் ஆசிரியர்களுக்கு மடல் எழுதினார். தம் நிறுவனம் பல்லாண்டுகளாகக் கையாண்டு வந்த பழைய மொழிக்கு மாற்றாக லுவாவைக் கொள்ள விரும்புவதாகத் தெரிவித்தார். 1998-இல் அவ்விளையாட்டு கிரிம் ஃபண்டாங்கோ என்னும் பெயரில் வெளிவந்தது. அவர் தம் பட்டறிவைத் துறையினரிடையே எடுத்துரைத்தார். ஒருவர் பயன்படுத்திப் பிழைத்தார் என்றதும் பிறர் துணிந்தனர். விளையாட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக லுவாவை மேற்கொண்டன. 2004-இல் வெளிவந்து கோடிக்கணக்கான ஆட்டக்காரரை ஈர்த்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2006-இல் தோன்றிய ரோப்லாக்ஸ் ஆகியவை அவ்வரிசையில் அடங்கும்.

விருந்தினராக வந்த மொழி

வணிக உலகம் லுவாவை ஏற்றதற்கு அதன் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. அது பெரிய மொழிகளை வெளியேற்றிவிட்டு அவற்றின் இடத்தில் அமர விரும்பியதில்லை. வேறொரு மொழியில் எழுதிய பெரிய நிரலுக்குள் விருந்தினராகத் தங்கி, அதற்குத் துணை செய்வதே அதன் தொழில்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கணிப்பொறி விளையாட்டில் திரையில் படத்தை வரைதல், ஒலியை எழுப்புதல் போன்ற கடும்பணிகள் விரைவாக நடைபெற வேண்டும். அவற்றை சி, சி பிளஸ் பிளஸ் முதலிய மொழிகளில் எழுதுவர். எந்தக் கதவு எப்போது திறக்கும், எந்தப் பாத்திரம் என்ன பேசும் என்பவையோ நாள்தோறும் மாறக்கூடியவை. அவற்றை லுவாவில் எழுதினால், கதை எழுதுபவரே மாற்றிக்கொள்ளலாம். மாற்றந்தோறும் முழு நிரலையும் மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை. உள்ளே புகுந்த விருந்தினர் இடத்தை அடைத்துக்கொள்ளவும் கூடாது. லுவாவின் மூல நிரல் முழுவதும் ஏறத்தாழ 30,000 வரிகள்தாம். அதனை இயக்கும் நிரல் 300 கிலோபைட்டுக்கும் குறைவாகவே அமைகிறது. தூய சி மொழியில் எழுதப்பட்டமையால் சிறு கருவி முதல் பெருங்கணிப்பொறி வரை எதிலும் ஓடும்.

ஒரு நிறுவனத்திற்கு இதனால் வரும் இடர் சிறியது. இருக்கும் வீட்டை இடிக்க வேண்டியதில்லை; ஓர் அறை கூட்டிக் கட்டினால் போதும். அடோபி நிறுவனம் ஒளிப்படத் திருத்தத்திற்கென 2007-இல் வெளியிட்ட லைட்ரூம் மென்பொருளில் பெரும்பகுதி லுவாவில் எழுதப்பட்டது. 2013 முதல் விக்கிப்பீடியாக் கலைக்களஞ்சியத்தின் வார்ப்புருக்களில் லுவா நிரல்கள் வழங்குகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் அடங்கும். எனவே இங்குள்ள மாணவர் பலர், பெயரறியாமலே லுவாவின் உழைப்பை நுகர்ந்தவர்களாவர்.

வளர்ச்சியால் வந்த வேண்டுகோள்களுக்கும் அவர்கள் இடங்கொடுத்துவிடவில்லை. அதைச் சேருங்கள், இதைச் சேருங்கள் என்று பயனாளர் கேட்டுக்கொண்டே இருந்தனர். மூவரும் ஒருமனப்பட்டாலன்றிப் புதிய கூறு எதனையும் சேர்ப்பதில்லை என்பது அவர்களின் நெறி. புகழ் வந்தபின் பெருத்துப்போன மொழிகள் பலவற்றிற்கு நேர்ந்த கதி லுவாவிற்கு நேராமைக்கு அந்நெறியே காரணம். அதேபோழ்து, புதிய பதிப்பு வருந்தோறும் பழைய நிரல்கள் சில ஓடாமற் போவதுண்டு என்னும் குறையும், வரிசையின் முதல் உறுப்பைப் பிற மொழிகள் பலவும் சுழியிலிருந்து எண்ண, லுவா ஒன்றிலிருந்து எண்ணுகிறது என்னும் முணுமுணுப்பும் இன்றும் உண்டு. குறையற்ற பொருளே சந்தையில் வெல்லும் என்பதில்லை. குறையினும் பயன் மிகுதியாயின் ஏற்றுக்கொள்கின்றனர்.

வெளியூரில் புகழ், உள்ளூரில் மௌனம்

இதுவரை வெற்றியைக் கூறினோம். அவ்வெற்றிக்குக் கொடுத்த விலையையும் கூறுதல் கடமை.

உலகத்தை அடைய வேண்டுமென்று லுவாவின் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதினர். 2003-இல் இயெருசலிம்ஸ்கி எழுதி வெளியிட்ட பாடநூலும் ஆங்கிலத்திலேயே வந்தது. போர்த்துகீசியப் பதிப்பு பல்லாண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தது. யூரி தக்தேயெவ் என்னும் ஆய்வாளர் ரியோ நகர நிரலாளர்களிடையே பழகி ஆய்ந்து 2012-இல் ‘கோடிங் பிளேசஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். கலிபோர்னியாவில் அறியப்பட்ட மொழிக்கு அது பிறந்த நகரிலேயே கிடைத்த இடம் சிறிது என்பதை அந்நூல் விரித்துரைக்கிறது. உள்ளூர் நிறுவனங்கள் வெளிநாட்டார் கேட்கும் ஜாவா போன்ற மொழிகளையே நாடின. தம் ஊரில் பிறந்தது என்பதற்காக ஒருவரும் அதனைத் தழுவவில்லை.

பின்னர் ஓரளவு மாற்றம் வந்தது. பிரேசில் நாட்டின் எண்முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2007-இல் தொடங்கியது. அதற்கென அதே பல்கலைக்கழகத்தின் வேறோர் ஆய்வகம் வகுத்த ஜிங்கா என்னும் அமைப்பில் லுவா இடம்பெற்றது. அவ்வமைப்பின் மொழியைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2009-இல் தன் பரிந்துரைகளுள் ஒன்றாக ஏற்றது. ஆயினும் தாய்மொழியில் நூல் எழுதாமல் கழிந்த ஆண்டுகள் கழிந்தவையே.

இவ்விடத்தில் பேரறிஞர் அம்பேத்கர் அவர்களை நினைவு கூர்வது பொருந்தும். 1920-இல் அவர் தொடங்கிய ‘மூக்நாயக்’ இதழ் மராத்தியில் வந்தது. 1936-இல் அவர் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரை ஆங்கிலத்தில் வந்தது. தம் மக்களுக்குத் தம் மக்களின் மொழி. உலகிற்கு உலகம் படிக்கும் மொழி. இரண்டையும் அவர் கைவிடவில்லை. ஒன்றைப் பற்றி மற்றொன்றை விடுவோமாயின் வெளியில் புகழும் வீட்டில் இருளுமாக முடியும்.

இன்னும் ஒரு விலை உண்டு. எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று உரிமம் அளித்துவிட்டமையால், பெருநிறுவனங்கள் லுவாவைக் கொண்டு ஈட்டிய பொருளில் பங்கு கேட்கும் உரிமை படைத்தவர்களுக்கு இல்லை. அவர்கள் அதனைத் தாங்கிக்கொண்டது எவ்வாறு? பல்கலைக்கழகச் சம்பளமும், பெட்ரோபிராஸ் அளித்த ஒப்பந்தப் பணிகளும் அவர்களுக்குப் பின்னணியாய் இருந்தன. வயிற்றுக்கு வழியிருந்தமையால் வாரி வழங்க இயன்றது. “இலவசமாக உழையுங்கள், பெயர் வரும், பின் பொருள் வரும்” என்று நம் இளைஞர்களிடம் கூறுவோர் இப்பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். தந்தையின் கூலியில் படித்து வந்த இளைஞன் தன் உழைப்பை வழங்குமுன், தன் வீட்டின் அடுப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறிவை வழங்குவது அறம். அவ்வறத்தைத் தாங்கும் நிலையான வருவாயைத் தேடிக்கொள்வதும் அறமே.

நாம் செய்யத் தக்கவை

இனி இளைஞர்களுக்கு நேரே சில சொற்கள். லுவாவைக் கற்றால் நாளையே வேலை என்று நாம் கூறவில்லை. வேலை அறிவிப்புகளில் ஜாவா, பைத்தான் ஆகியவற்றின் பெயர்கள் காணப்படும் அளவிற்கு லுவாவின் பெயர் காணப்படாது. அது துணைமொழி. முதன்மை மொழி ஒன்றை நன்கு கற்றவனுக்கு அது கூடுதல் வலிமை. அதனை மட்டும் கற்றவனுக்குப் பிழைப்பு கடினம். சிறுமொழிகள் யாவற்றிற்கும் இது பொருந்தும்.

ஆகவே எம்மொழிக்காயினும் கட்டணம் செலுத்துமுன் சில வினாக்களைக் கேளுங்கள். இம்மொழியை யார், எப்பணிக்குப் பயன்படுத்துகின்றனர்? அதனை இயக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறதா? கிடைக்குமாயின் எதற்காக இவ்வளவு கட்டணம்? நம்மிடமுள்ள பழைய கணிப்பொறியில் ஓடுமா? இதன் கையேட்டைத் தானே படித்துக் கற்க இயலுமா? இதைக் கற்றபின் வேறு மொழிக்கு மாறுவது எளிதாகுமா? இவ்வினாக்களுக்கு நேரான விடை தராத பயிற்சி நிலையத்தின் வாயிலில் பெற்றோரின் நகையைக் கொண்டு வைக்காதீர்கள்.

கழகத்தின் முன்னும் சில பணிகளை வைக்கிறோம். நம் படிப்பகத்தில் பழைய கணிப்பொறி ஒன்றிரண்டு இருந்தாலும் போதும். லுவா போன்ற இலவச மொழிகளை அதில் நிறுவி மாலை நேரங்களில் பழக வழி செய்யலாம். ஆங்கிலக் கையேட்டைக் கண்டு அஞ்சும் மாணவர்க்காக, முன்னரே கற்றவர்கள் எளிய தமிழில் சிறு பாடங்கள் எழுதித் தரலாம். பணியில் அமர்ந்த நம் பிள்ளைகள், வேலைக்குச் சென்ற பின்னும் திங்களுக்கு ஒருநாள் வந்து இளையவர்களுக்குக் கற்பிக்கலாம். இவையெல்லாம் பெரும்பொருள் வேண்டாத பணிகள். மனம் வேண்டும், விடாமுயற்சி வேண்டும்.

இறுதியாக ஒன்று. பணம் படைத்த நாடுகளின் பெருநிறுவனங்களே நிரல்மொழிகளைப் படைக்கும், ஏனையோர் அவற்றைக் கற்று ஊழியம் செய்வர் என்னும் எண்ணம் உலகில் வேரூன்றியிருந்தது. வெளிநாட்டு மென்பொருளை எளிதில் வாங்க இயலாத ஒரு நாட்டில், தம் மக்களின் சிறு தேவை ஒன்றைத் தீர்க்க முனைந்த மூவர் அதனைப் பொய்யாக்கினர். அவர்களுக்குத் தகுதி இருந்தது. அத்துடன், நிறுத்தி வேலை தந்த ஒரு நிறுவனம் இருந்தது. அமர்ந்து எண்ணுதற்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. எழுதியதை ஏற்று வெளியிட்ட ஓர் இதழ் இருந்தது. சுங்கத்தை நீக்கும் துணிவும் இருந்தது. இத்தனையும் கூடியபோதே அத்தகுதி உலகச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் பிள்ளைகளிடம் தகுதிக்குக் குறைவில்லை. அத்தகுதி செல்லுதற்குரிய வழிகளைக் கட்டுவதே இக்கழகம் 25 ஆண்டுகளாகச் செய்து வரும் தொண்டு. இனிவரும் ஆண்டுகளில், பிறர் படைத்த மொழிகளை நன்கு பயன்படுத்தும் இளைஞர்களுடன், தாமே ஒரு கருவியைப் படைத்து உலகின் கையில் வைக்கும் இளைஞர்களும் நம் படிப்பகங்களிலிருந்து எழுதல் வேண்டும். அவர்கள் எழும்போது வாயில் திறந்திருக்குமாறு பார்த்துக்கொள்வது மூத்தோராகிய நம் கடமை.